வயிறு இறுகிய மாப்பிள்ளையும் சீனத்துப் புடவைக்காரரும்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேனை பிடித்ததைவிட மண்வெட்டி பிடித்ததுதான் அதிகம். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றுக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப்போவது வயிறு இறுகிக் கிடந்த ஒரு கதை. இதை நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல என்னால் முடியாது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்ச சுபாவம். கடையில் சாமான் கேட்கக்கூட, மற்றவர்கள் வாங்கிப் போகும்வரை ஒதுங்கி நிற்பேன். வாய்க்கு வராததைக் கை எழுதட்டும்.

நான் பிறந்தது உன்னிச்சைப் பக்கம். குளத்துத் தண்ணீர் பாயும் வயலும் அதற்கு அப்பால் காடும்தான் எங்கள் ஊர். கல்யாணம் முடித்தது தேற்றாத்தீவில். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். ஆகவே தோணியில் ஆற்றைக் கடந்து, ஒரு தகரப்பெட்டியும் இரண்டு போத்தல் காட்டுத் தேனுமாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு இருபது வயது கடந்திருந்தது. யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடம் முன்பு.

வீடு நல்ல வீடு. மனிதர்களும் நல்லவர்கள். என் மாமனார் முன்னமே காலமாகிவிட்டார். மாமியும், என் மனைவியும், அவளுடைய அண்ணனும் இருந்தார்கள். பெரிய காரியங்களை மாமியின் தமையன் வந்து பேசித் தீர்ப்பார். என் மனைவி அவரை அம்மான் என்று கூப்பிடுவாள். ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

மாமி என்னோடு நேரே பேசமாட்டா. மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்பது அவவுடைய எண்ணம். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவா. ஆனால் அது பக்கத்து வளவுக்கும் கேட்கும்.

"புள்ள, மருமகனுக்கு இன்னும் ரெண்டு புட்டு வைகா. முட்டையும் வை. இறால் பொரியல் ஆருக்குக் கிடக்கு?"

காலையில் புட்டும் முட்டையும், பகலில் பொரித்த மீனும் இறைச்சியும், பின்னேரம் பலகாரம். வயலில் நான் தின்று வளர்ந்தது பழஞ்சோறும் கீரையும். புது மாப்பிள்ளைக்குக் கீரை கடைந்து வைத்தால் அது பெண் வீட்டுக்கு அவமானம். வேலை செய்யவும் விடமாட்டார்கள். மண்வெட்டியைத் தொட்டால் மச்சான் ஓடிவந்து பறித்துவிடுவார்.

இதெல்லாம் சரி. என் கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வெளிக்குப் போவதென்றால் விடிய முன்பு காட்டோரம் நடப்போம். மயிலும் மரைமானும்தான் பார்க்கும். தேற்றாத்தீவில் வளவும் வளவும் முட்டிக்கொண்டிருந்தன. ஆண்கள் ஆற்றங்கரைப் பற்றைப் புதருக்குத்தான் போக வேண்டும். அதுவும் பரவாயில்லை. ஆனால் மஞ்சள் வாசம் போகாத மாப்பிள்ளையைக் கருக்கலில் தனியே விடக்கூடாது, காத்துக் கறுப்பு அடித்துவிடும் என்பது வழக்கம். அதனால் காலையிலும் மாலையிலும் மச்சான் எனக்குக் காவல் வருவார்.

மச்சான் ஆற்றில் வலை வீசுகிறவர். வாய் ஓயாத மனிதர். நான் பற்றைக்குள் போவேன். அவர் வரம்பில் நின்று எனக்குத் துணையாகப் பேசிக்கொண்டே இருப்பார். நேற்றுப் பிடித்த கொடுவாயைப் பற்றிப் பேசுவார். கிரான் பக்கத்தில் ஆரோ எருமை வாங்கி ஏமாந்ததைப் பற்றிப் பேசுவார். இடையில் திடீரென்று சத்தமாகக் கேட்பார்:

"என்ன மச்சான், முடிஞ்சா?"

வருவதும் போய்விடும். "ஓம், முடிஞ்சி" என்று பொய் சொல்லி எழும்பி வருவேன்.

முதல் சில நாட்கள் சமாளித்தேன். பிறகு வயிறு அம்மிக்கல் போல ஆகிவிட்டது. தலையிடி வந்தது. வாய் கசந்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. தட்டில் வைத்ததை அளைந்துவிட்டுக் கையைக் கழுவினேன். கதவுக்குப் பின்னால் மாமியின் குரல் மாறத் தொடங்கியது.

"மருமகனுக்கு நம்மட கறி பிடிக்கல்ல போல."

அடுத்த நாள்:

"கறியில்ல புள்ள, வேற என்னவோ பிடிக்கல்ல."

ஊர் வைத்தியரான பரியாரியைக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், கைராசிக்காரர். வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்க அவர் என்னிடம், "என்ன மகன் செய்யுது?" என்று கேட்டார். நான் "பசிக்குதில்ல" என்றேன். அதற்கு மேல் என் நாக்கு அசையவில்லை. பசியில்லை என்றவனுக்கு என்ன கொடுக்க வேண்டுமோ அதைக் கொடுத்தார். சுக்கும் மிளகும் போட்ட கசாயம். அவரில் பிழையில்லை. ஆனால் அதைக் குடித்த பிறகு உள்ளே இருந்த கொஞ்ச ஈரமும் வற்றிவிட்டது.

ஊரில் கதை பரவிவிட்டது. உன்னிச்சை மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையாம், அதனால் பெண் வீட்டுச் சோறு தின்கிறானில்லையாம். எங்கள் வழக்கத்தில் இது சின்னக் கதை இல்லை. பெண் வீட்டுச் சோற்றைத் தள்ளுகிறவன் பெண்ணையே தள்ளுகிறான் என்றுதான் அர்த்தம். அம்மான் சொல்லியனுப்பினார்: "பின்னேரம் வாறன். அவன்ட வாயாலயே கேப்பன். பிடிக்கல்லயெண்டா அவன்ட ஆக்களக் கூப்பிட்டு மரியாதையா அனுப்பி வைப்பம்."

இரண்டு பக்கத்து ஆட்களும் கூடிப் பேசத் தொடங்கினால் கல்யாணம் முறியாமல் எழும்பமாட்டார்கள். எனக்கு அது தெரியும். என் மனைவிக்கும் தெரியும். அவளும் என்னைப்போலக் கூச்சக்காரி. நாங்கள் இருவரும் அதுவரை பேசிக்கொண்டதை ஒரு சிரட்டைக்குள் அள்ளி வைக்கலாம். அன்று காலை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது அவளுடைய கண் சிவந்திருந்தது. அவளை எனக்குப் பிடிக்காமல் இல்லை. அவள் நடந்தால் கொலுசுச் சத்தம் எந்தப் பக்கம் போகிறதென்று காது கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். அதை எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் பிறகு மற்றதையும் சொல்ல வேண்டுமே.

அன்று பகல்தான் சீனர் வந்தார்.

அந்த நாளில் சீனத்துப் புடவைக்காரர்கள் சைக்கிளில் பெரிய மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள். இவர் காத்தான்குடியில் ஒரு முதலாளியின் கடைப் பின்னறையில் தங்கி, களுவாஞ்சிகுடிவரை போய்த் திரும்புவார். நடுத்தர வயது. மெலிந்த உடம்பு, சுத்தமான வெள்ளைச் சட்டை. தமிழ் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் தெரிந்த சொற்களை ஒரு நல்ல மேசன் கல்லை அடுக்குவது போல அடுக்கி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவார்.

பூவரச மரத்தின் கீழ் மூட்டையை அவிழ்த்தார். மாமியும் அயல் பெண்களும் மொய்த்துவிட்டார்கள். சீனரிடம் பேச மாமிக்குக் கதவு தேவைப்படவில்லை.

"இதென்ன பட்டு, தொட்டாக் கிழியுமே!"

"கிழியாது அம்மா. நீ கிழி. நான் பாக்கிறேன்."

"நான் கிழிச்சா நீ என்ட தலையில கட்டிப்போடுவாய்!"

பெண்கள் சிரித்தார்கள். நான் விறாந்தை மூலையில் சுவரோடு சாய்ந்திருந்தேன். சீனர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்பது போல எழும்பி விறாந்தைக்கு வந்தார்.

"இவர் யார்?"

"புது மாப்பிள்ளை" என்றாள் ஒருத்தி. "சோறு தின்னாத மாப்பிள்ளை" என்றாள் இன்னொருத்தி.

அவர் என் முன்னால் குந்தி, "நாக்கு" என்றார். எனக்கு விளங்கவில்லை. தன் நாக்கை நீட்டிக் காட்டினார். நானும் நீட்டினேன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து மூன்று விரல் வைத்தார். பிறகு மற்றக் கையைப் பிடித்தார். எங்கள் பரியாரிமாரும் நாடி பார்ப்பார்கள். ஆனால் இவ்வளவு நேரம் பார்ப்பதை நான் கண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பவர் போல இருந்தார். அவருடைய ஊரில் அவர் தகப்பன் மருந்துக்கடை வைத்திருந்தவர் என்று பிறகுதான் அறிந்தேன்.

கண்ணைத் திறந்தவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். எழும்பிப் போய் மூட்டையின் அடியிலிருந்து ஒரு முழுப் பட்டை இழுத்தெடுத்தார். தாமரைப்பூ நிறம். வெயில் பட்டால் ஒரு பக்கம் மஞ்சளாக மின்னும். அதை மாமியின் கையில் கொடுத்தார்.

"இங்க நிழல். நிறம் தெரியாது. அங்க வேலியில போடு. வெயிலில பாரு. எல்லாரும் பாரு."

எந்தப் புடவை வியாபாரியும் தன் விலை கூடிய பட்டைக் கையெட்டாத தூரத்துக்குக் கொடுத்துவிடமாட்டான். பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்கு ஓடினார்கள். விறாந்தையில் நானும் அவரும் மட்டும். என் வெட்கத்துக்காக அந்த மனிதர் தன் பட்டைக் கொடுத்து ஆட்களை அப்புறப்படுத்தினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

"எத்தனை நாள் போகல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் விரல்களைக் காட்டினேன். ஒரு கை போதவில்லை.

"வெக்கமா?"

"ஓம்" என்றேன்.

"வயிறு கூப்பிட்டது. நீ போகல்ல. பிறகும் கூப்பிட்டது. போகல்ல. இப்ப வயிறு கோபம். பேசாது." தன் வயிற்றைத் தட்டினார். "கோபம் போக்க வேணும்."

அவர் காட்டியதை ஒன்றும் மறக்கவில்லை. வயிற்றின் வலது பக்கம் கீழிருந்து மேலே, பிறகு குறுக்கே, பிறகு இடது பக்கம் கீழே, களி கிண்டுவது போல உள்ளங்கையால் மெல்லச் சுற்ற வேண்டும். ஒருபோதும் எதிர்ப்பக்கம் சுற்றக்கூடாது. கையின் வெளிப்புறத்தில் மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் மேலே, இரண்டு எலும்புக்கு நடுவே, பெருவிரலால் அழுத்த வேண்டும். அவர் அழுத்தியபோது துள்ளிவிட்டேன். அந்த நோவு முழங்கைவரை ஓடியது. "நல்லது, இடம் சரி" என்றார். எழும்பியவுடன் வெந்நீர். கறுப்பு எள்ளை வறுத்து இடித்துத் தேனில் குழைத்து, காலையும் மாலையும். பொரியல் வேண்டாம், கீரை வேண்டும். கொஞ்சம் நடக்க வேண்டும். போனாலும் போகாவிட்டாலும் விடியற்காலையில் ஒரே நேரத்துக்குப் போய் இருக்க வேண்டும், முக்கக்கூடாது.

பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னத் தகர டப்பியை எடுத்தார். அதற்குள் கடதாசியில் சுற்றிய மஞ்சள் வேர்த்துண்டு. ஒரு மாதிரிக் கசந்த வாசம்.

"இது வெந்நீரில ஊற வை. குடி. ஒரு தரம். போகல்லயெண்டா இன்னொரு தரம். பிறகு இல்ல."

"பிறகும் தேவைப்பட்டா?" என்று கேட்டேன். நானாகக் கேட்ட ஒரே கேள்வி அது.

"வேர் கதவ உடைக்கும். எள்ளு கதவுக்கு எண்ணெய் போடும். ஒவ்வொரு நாளும் கதவு உடைச்சா, வீடு இருக்குமா?"

கடைசியாக, "தனியப் போ" என்றார். அங்கேதான் எனக்குத் தலை கவிழ்ந்தது. மச்சான் காவல் வருவதை, கையையும் காலையும் காட்டி ஒருவாறு சொன்னேன். அவர் யோசித்தார். "மனைவி எது?" என்று கேட்டார். வேலியடியில் நின்றவளைக் கண்ணால் காட்டினேன். அவர் அவளை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது. அவர் எனக்குச் சொன்ன அதே நிதானத்தோடு, சமையல் சொல்வது போல அவளுக்கும் சொன்னார். "சோறு வெறுப்பு இல்ல. நீ வெறுப்பு இல்ல. வயிறு மூடி இருக்கு. தனியப் போக வேணும். அவ்வளவுதான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை முழுதாகப் பார்த்தது அப்போதுதான். சிரிக்கவில்லை. வேர்த்துண்டை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் எள் வறுக்கும் வாசம் வந்தது.

பின்னேரம் அம்மான் வந்தார், கூட இரண்டு பெரியவர்கள். பாய் விரித்து இருந்தார்கள். மச்சான் தூணோடு நின்றார். மாமி கதவுக்குப் பின்னால்.

"தம்பி" என்றார் அம்மான், "நாங்க ஒண்டும் கோவிக்க மாட்டம். பிடிச்சா பிடிச்சிருக்கெண்டு சொல்லு. பிடிக்கல்லயெண்டா அதையும் சொல்லு. சோத்த அளைஞ்சி போட்டு எழும்பிறது சரியில்ல."

நான் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"சொல்ல மாட்டாரண்ணன்" என்றது கதவு. "எங்களுக்கு விளங்கிற்று."

அப்போது என் மனைவி வெளியே வந்தாள். ஆண்கள் பேசும் இடத்துக்குப் புதுப்பெண் வருவதில்லை. வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"அம்மான், அவருக்கு என்னிலயும் வெறுப்பில்ல, ஊட்டிலயும் வெறுப்பில்ல. அவருக்கு வந்த நாள்ல இருந்து வெளிக்குப் போகல்ல. அண்ணன் கூட நிண்டு கதைக்கிறதால போகல்ல. அதான் சாப்பிட ஏலாமக் கிடக்கார்."

அம்மான் திரும்பி மச்சானைப் பார்த்தார்.

"டேய், நீ அங்க நிண்டு என்னடா கதைச்ச?"

"நான் என்ன செய்தன்? காத்துக் கறுப்பு அண்டாமக் காவல் நிண்டன்" என்றார் மச்சான்.

"உன்ட கதையக் கேட்டாக் கறுப்பு மட்டுமா ஓடும்? எல்லாந்தான்டா ஓடி ஒளிக்கும்!"

பெரியவர் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மானுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலும் ஏதோ சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எனக்கு வெட்கம் இருந்தது. ஆனால் அது என்னைக் கொல்லவில்லை. அவள் இன்னும் தூணைப் பிடித்தபடி நின்றாள். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தனிய விடுறது எப்பிடியண்ணன்?" என்று மாமி கேட்டா. அம்மான் தன் மடியிலிருந்த பாக்குவெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "இரும்பு கையில கிடந்தா ஒண்டும் அண்டாது. தம்பி, நீ தனியப் போ. வேணுமெண்ட மட்டும் இரு."

மாலையே எள்ளும் தேனும் தின்றேன். விடியற்காலையில் அவள் வெந்நீரும், வேர் ஊறிய தண்ணீரும் தந்தாள். கைப்பு அடிவயிறுவரை இறங்கியது. களி கிண்டுவது போல வயிற்றைத் தடவினேன். பாக்குவெட்டியோடு ஆற்றங்கரைக்குத் தனியே நடந்தேன். பற்றைக்குள் கையை அழுத்திக்கொண்டு இருந்தேன். முதலில் வயிற்றுக்குள் இரைந்தது. பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. நான் வெளியே வந்தபோது ஆற்றின் மேல் வெளிச்சம் படர்ந்திருந்தது. உடம்பு இலவம்பஞ்சு போல இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

வளவுக்குள் நுழைந்ததும் வாசலில் நின்ற என் மனைவிக்குத் தலையை ஆட்டினேன், உடனே கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"புள்ள, மருமகனுக்குப் போச்சாமா?"

"போச்சாம் அம்மா."

"முருகா! அப்ப சோறு வைகா. முருங்கையிலையும் கடையிறன்."

அடுத்த வளவிலிருந்தும் ஒருத்தி "நல்லது, நல்லது" என்றாள்.

அந்த வேரை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. தேவைப்படவில்லை. எள்ளும் வெந்நீரும் போதுமாக இருந்தன. சீனர் அடுத்த முறை வந்தபோது எதுவும் விசாரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மூட்டையை அவிழ்த்தார். என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அவளுக்கும் இதே கஷ்டம் வந்தது. மாமி சீனரிடம் வேர் கேட்டா. அவர் டப்பியைக் கையால் மூடிக்கொண்டார். "வயித்தில பிள்ளை. வேர் கூடவே கூடாது." எள் கொடுக்கலாம் என்று அவர் சொல்லத் தொடங்க, "எள்ளுச் சூடு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது" என்று மாமி மறித்தா. அவர் யோசித்துவிட்டு, "அம்மா சொல்றது சரி. வத்தாளங்கிழங்கு குடு. தேன் குடு. நடக்க விடு" என்றார். சர்க்கரைவள்ளியைத்தான் எங்கள் பக்கத்தில் வத்தாளங்கிழங்கு என்போம். தனக்குத் தெரிந்ததை விட்டுக்கொடுக்கவும் தெரிந்த வைத்தியர். யுத்தம் வந்த பிறகு அவர் வரவில்லை. காத்தான்குடி முதலாளியிடம் கேட்டேன். கப்பலேறிவிட்டார் என்றார். அதற்கு மேல் தெரியவில்லை.

அவருடைய கைப்பக்குவத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அதாவது என் மனைவி சொல்லியிருக்கிறாள், நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நான் பெரிதாக மதிப்பது அவர் மருந்தைவிட அவர் செய்த இரண்டு காரியங்களை. ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுக் கேட்டார். சொல்லக்கூடியவள் யாரென்று ஒரு பார்வையில் அறிந்து அவளிடம் சொன்னார்.

வருகிற பங்குனியில் எங்கள் மூத்த மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வருகிறார். தென்னைக்கு அப்பால், வளவின் மூலையில் குழி வெட்டி, நாற்புறமும் கிடுகு கட்டி, உள்ளே தண்ணீர் வாளியும் வைத்துவிட்டேன். கிணற்றடியிலிருந்து பார்த்தால் யார் போகிறார் வருகிறார் என்று தெரியாது. நேற்று என் மனைவி வந்து சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாம் சரி. இது இங்க கிடக்கெண்டு மருமகனுக்கு ஆர் சொல்றது?"

"நீதான்" என்றேன்.

"நான் மாமியல்லோ, எப்பிடி நேர சொல்றது?"

"கதவுக்குப் பின்னால நிண்டு சொல்லு."

அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின.

சர்வசித்து வருடம், தை மாதம் இருபதாந் தேதி.